அக்கா கேட்டது ஒரு ட்யூப் ரத்தம்

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து, அக்காவின் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம்.

இப்படிப்பட்ட மலர்களில் நோயின் பெயரை யாரும் எழுதுவதில்லை. "சிறிது காலம் உடல்நலம் குன்றியிருந்து" என்று போட்டு முடித்துவிடுவார்கள். அச்சகத்துக்காரரும் அந்த வரியைத் தானாகவே சேர்த்து வைத்திருந்தார். நான் அடித்துவிட்டேன். அக்காவுக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். எங்கள் அம்மாவுக்கும் அதுதான். அம்மாவைப் பெற்றவர் வயிற்றில் கட்டி வந்து போனார் என்பார்கள். அதுவும் இதோடு சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். பெயர் சொல்லாமலே மூன்று தலைமுறை போனது போதும்.

அக்கா பிறந்தது அம்மாவின் ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில். வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா பஸ் கண்டக்டர், சிதம்பரம் ரூட். அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடம் அம்மா படுத்தார். அடுத்த வருடம் இல்லை. அதன்பிறகு எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அப்பாவின் பஸ்ஸிலேயே சிதம்பரத்துக்குப் படிக்கப் போய், திரும்பி வந்து குழம்பு வைத்தவர் அக்கா. அன்பாகப் பேசத் தெரியாது. திட்டத்தான் தெரியும். அப்பாவும் போன பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்த்து, முன்னின்று கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். அன்றைக்கும் திட்டினார்.

தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றார். கேட்டவர்கள் இன்னொரு முறை கேட்காத மாதிரிச் சொன்னார். சிதம்பரத்திலேயே முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அங்கே என்னதான் செய்தார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் உடம்பில் ஒரு செல் பழுதானால் அதைச் சரிசெய்யச் சில மரபணுக்கள் இருக்கின்றன. சரிசெய்ய முடியாது என்றால், அந்தச் செல்லைச் சாகச் சொல்லி உத்தரவு கொடுக்க வேறு சில இருக்கின்றன. நல்ல செல் உத்தரவைக் கேட்டு, சத்தமில்லாமல் தன்னை முடித்துக்கொள்ளும். புற்றுநோய் செல் கேட்காது. அது ஏன் கேட்பதில்லை, கேட்க வைக்க முடியுமா என்று தேடுவதுதான் அக்காவின் வேலை.

"செல்லு சாவறது தப்பே இல்லடி. சாவ வேண்டிய நேரத்துல சாவாம அடம் புடிக்குது பாரு, அதான் கேன்சரு" என்பார்.

அந்தச் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டும், நாள் தவறாமல் தீனி மாற்ற வேண்டும். தீபாவளியன்றுகூடப் பாதி இலையில் எழுந்து, "என் பசங்க பட்டினி கெடக்கும்" என்று சிதம்பரம் பஸ் ஏறிவிடுவார். அந்தப் பசங்கள் அத்தனையும் புற்றுநோய் செல்கள்.

தன் மார்பில் கட்டி இருப்பதை அக்கா தானே கண்டுபிடித்தார். புதுச்சேரியில் வைத்தியம் ஆரம்பித்தது. அங்கே மரபணுச் சோதனையும் செய்தார்கள். பழுதுபார்க்கும் மரபணு ஒன்றில் பிறவியிலேயே குறை, அம்மா வழியில் வந்தது என்று தெரிந்தது. அவர் இத்தனை காலம் ஆராய்ந்த மரபணு அதுவல்ல. "ஒரே ஆபீஸ்தான், வேற டிபார்ட்மென்ட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குறை உள்ளவருக்குப் பிறக்கும் பிள்ளை ஆணோ பெண்ணோ, ஒவ்வொன்றுக்கும் அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. அன்று அக்கா ஆய்வுக்கூடம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். கீமோவில் அவருக்கு வாயெல்லாம் புண். ஒரு விள்ளல்கூட அவரால் தின்ன முடியவில்லை. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிழைத்தோம் என்ற சந்தோஷமும், அவர் முகத்தைப் பார்க்கிற வெட்கமும் ஒன்றாக வந்தன.

மிச்சம் இருந்தவர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் எங்கள் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கு ஒரே மகள், கயல்விழி. முறைக்கு நாங்கள் அவளுக்கு அண்ணி. வயது வித்தியாசம் ஜாஸ்தி என்பதால் அக்கா என்றே கூப்பிடுவாள். மாமாவிடம் அந்தக் குறை இல்லையென்றால் கயலைப் பற்றிக் கவலையே வேண்டாம், அத்தோடு விஷயம் முடிந்தது. இருந்தால் அவளையும் பார்த்தாக வேண்டும்.

அக்கா போனில் சொல்லிப் பார்த்தார். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கயலுக்கு அப்போது விருத்தாசலம் பக்கம் சம்பந்தம் கூடி வந்துகொண்டிருந்தது. பிறகு அக்காவின் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு என்னைத்தான் போனில் அழைத்தார். "ஒடம்பு முடியாதவள எதுக்கு அலைய வைக்கிற? நீ மட்டும் வந்தாப் போதும்" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "நானும் வர்றேன்னு சொல்லு" என்றார்.

தலையில் முடி இல்லை. ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, பட்டுப்புடவையில் அக்கா பண்ருட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. "நல்ல காரியத்துக்கு இந்தக் கோலத்துலயா வருவாங்க?" என்று ஒருவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் வந்திருப்பார். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

மாமா எங்கள் இருவரையும் பின்பக்கம் முந்திரி மூட்டை அடுக்கியிருந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எதுக்கு வந்த? கல்யாணத்த நிறுத்தவா?"

"இல்ல மாமா. தட்டு மாத்துங்க, ஜாம்ஜாம்னு கல்யாணம் பண்ணுங்க. ஒரு ட்யூப் ரத்தம் மட்டும் குடுங்க."

"எம்பொண்ணு ஒடம்புல ஊசி குத்த வுடமாட்டேன். வெளிய தெரிஞ்சா எவன்டி கட்டுவான் அவள?"

"கயல் ரத்தத்த யாரு கேட்டா? ஒங்க ரத்தம் மாமா. அவ பேரு எங்கயும் வராது."

மாமாவுக்கு விளங்கவே இல்லை. "பொம்பளைங்க சீக்குக்கு ஆம்பள ரத்தமா? படிச்சுப் படிச்சு மூள கொழம்பிப் போச்சா ஒனக்கு?"

"ஆம்பளைக்கு ஒண்ணும் பண்ணாமயே பொண்ணுக்குப் போவும் மாமா. அம்மாகிட்ட இருந்தது ஒங்ககிட்டயும் இருக்கலாம், இல்லாமயும் போவலாம். இல்லன்னு வந்துச்சுன்னா ஒங்க கால்ல வுழுந்துட்டுப் போறேன்."

"செத்துப் போன எங்கக்காவ இதுல இழுக்காத! எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடணும்னே வந்தியா?"

மாமா போட்ட சத்தத்தில் அத்தை ஓடி வந்தார். "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க, வாய மூடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கூடத்துக்குத் திரும்பினோம். மாப்பிள்ளையின் அம்மா நேராக வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒடம்புக்கு என்னம்மா?"

"மார்ல கேன்சர்மா. வைத்தியம் நடக்குது."

கூடம் முழுக்கக் கேட்டது. அந்த அம்மா விடவில்லை. "குடும்பத்துல வர்றதா?"

மாமா கையில் தாம்பூலத் தட்டு. அதிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கீழே போனது. எடுக்க யாரும் குனியவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். சற்று முன்தான் மாமா அவரை அப்படியெல்லாம் பேசியிருந்தார். உள்அறை வாசலில் கயல் வந்து நின்றிருந்தாள்.

"அது டெஸ்ட் எடுத்தாத்தாம்மா தெரியும். என்னுது எடுத்தேன், எனக்கு இருக்கு. அடுத்தவங்களோடத நான் சொல்லக் கூடாது" என்றார் அக்கா.

"எல போட்டாச்சு, எல்லாரும் சாப்புட வாங்க!" என்று மாமா கத்தினார். இலை போடவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகவில்லை. தட்டு மாற்றினார்கள். கிளம்பும்போது அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்து, "நேரா நேரத்துக்கு சாப்புடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களோடு பேச்சை விட்டவர் மாமாதான். கயலின் கல்யாணப் பத்திரிகை எங்களுக்குத் தபாலில் வந்தது. தாய்மாமன் வீட்டுப் பத்திரிகை, தபாலில்! நான் கிழித்துப் போட இருந்தேன். அக்கா பிடுங்கி பீரோவில் வைத்தார்.

"நீயே கயல்கிட்ட நேரா சொல்லிட வேண்டியதுதானே?" என்று சண்டைக்குப் போனேன்.

"அவ கேட்டா சொல்லுவேன். கேக்காதவ தலையில தூக்கிப் போடற சமாச்சாரமா இது?" என்றார். கயல் கேட்கவில்லை. பயந்துபோயிருந்தேன் என்று பிறகு சொன்னாள்.

நோய் நுரையீரலுக்குப் போனது. ஆய்வுக்கூடத்துக்குப் போக முடியாத நாட்களில் மாணவிகள் வீடியோ காலில் செல்களைக் காட்டுவார்கள். "ஏண்டி இவ்ளோ நெருக்கமா வளர வுட்டீங்க?" என்று கட்டிலில் இருந்தபடியே திட்டுவார்.

கடைசி வாரத்தில் மாமா கடலூருக்கு வந்தார். கயலுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னார். அக்காவுக்கு அப்போது பேச்சு வருவதே கஷ்டம். மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல நரம்பு மாமா ஒங்களுக்கு. ஒரே குத்துல எடுத்துருவாங்க" என்றார்.

மாமா கையை உருவிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த வாரமே அக்கா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே மாமா கேட்டார்: "அத எங்க போய் குடுக்கணும்?"

மாமாவிடம் அந்தக் குறை இருக்கிறது. முடிவு வந்ததும் முதலில் கயலிடம் சொன்னார். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், தானே தன் வாயால் சொன்னார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இத அன்னிக்கே ஏங்க சொல்லல?"

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவுக்கும் கயலுக்கும் முழுதாகப் படித்துக் காட்டினேன். "நான் அப்படியாடி கத்துனேன்?" என்றார் மாமா. "இதவிட ஜாஸ்தி கத்துனீங்க" என்றேன். "அப்ப எழுது" என்றார். கயல், "என் பேரயும் போடுங்கக்கா" என்றாள்.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் கூட இருந்த செவிலியர்களுக்கும், அக்காவின் செல்களை இன்றும் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ளும் மாணவிகளுக்கும், தோள் கொடுத்த என் வீட்டுக்காரருக்கும், துக்கத்தில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய மஞ்சக்குப்பம் தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரபணு நோய்கள் பற்றி விளக்க ஒரு மருத்துவர் மாடி அறையில் இருப்பார். அம்மா வழி உறவுகள், முக்கியமாக ஆண்கள், அவரிடம் பேசிவிட்டுப் போங்கள். சோதனை செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம்.

கயல் இப்போதுதான் துணிந்தாள், அவள் ரத்தமும் சோதனைக்குப் போயிருக்கிறது. இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. இல்லை என்று வந்தால் அவள் குழந்தைக்கும் கவலை இல்லை. இருக்கிறது என்று வந்தால், அவளுக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. கட்டி வரும் முன்பே கண்காணிக்கலாம், வராமல் தடுக்கவும் வழி உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மாமா அன்றைக்கே பண்ருட்டியில் கையை நீட்டியிருந்தாலும் அக்கா பிழைத்திருக்க மாட்டார். அது அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.