மலையடியில் மூன்று கற்கள்

கிளிவெட்டிக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் மலையடியில் ஓர் அம்மாவைக் கண்டேன். நான் மாடு தேடிப் போயிருந்தேன். மெலிந்த உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை. ஒவ்வொரு பாலை மரத்தையும் உள்ளங்கையால் தொட்டுவிட்டு, குந்தியிருந்து அதன் அடியில் கிடந்த சருகை விலக்கினார்.

"என்னம்மா தேடுறீங்கள்?"

"மூண்டு கல்லு, தம்பி. சண்டைக்குள்ள ஓடேக்க என்ர பிள்ளையை இதில ஒரு பாலையடியிலதான் புதைச்சனான். ஒண்டரை வயசு. அடையாளத்துக்குக் கல்லு மூண்டை வரிசையா வைச்சனான். போன வருசமும் வந்து கும்பிட்டனான். இப்ப காணேல்லை. மரமெல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு."

போன மாரியில் இங்கே தேத்தண்ணீர் வைக்க, வரிசையாகக் கிடந்த மூன்று கற்களை எடுத்து அடுப்புக் கூட்டியவன் நான். எந்த மரத்தடியில் எடுத்தேன் என்று நினைவில்லை.

"யானை தட்டியிருக்கும், அம்மா" என்றேன்.

"ஓம், அதுக்கு என்ன தெரியும் பாவம்" என்றார். பிறகு, "கல்லு இல்லாட்டி நான் எதில இருந்து அழுறது, தம்பி?" என்று கேட்டார்.

பொழுது சாயும்வரை, அங்கே கல் இல்லை என்று தெரிந்தும், அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நானும் சருகை விலக்கிக்கொண்டிருந்தேன்.