பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கழுதையாகக் கத்தினேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் இருக்கிறது. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வருஷம் முன்னால், ஆடித்தபசு முடிந்து ஆவணி பிறந்த சமயம், சங்கரன்கோவிலில் என் தம்பி வீட்டில் நடந்தது இது. வீட்டுக்காரர் போன பிறகு நான் அங்கேதான் இருக்கிறேன். தம்பி வீட்டோடு சேர்ந்து விசைத்தறி ஓடுகிறது. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குக் கைதான் வாய். தண்ணீர் வேண்டுமா, சாப்பிட வருகிறாயா, எல்லாம் கையில்தான். உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் தறியை நிறுத்து என்று அர்த்தம்.

தம்பி மகனுக்கு ஒரு பெண் குழந்தை. அதுவும் எங்களைப் போலவே கையைக் காட்டும். நாங்களும் கேட்டதைக் கொடுப்போம். மூன்று வயதாகியும் அது ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அங்கன்வாடி டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், ஆடு, மாடு, கழுதை எல்லாம் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். பிள்ளை படத்தைத் தொட்டால் அந்த மிருகம் போலச் சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, பிள்ளை திருப்பிச் சொல்கிறதா என்று காத்திருக்க வேண்டும். "எங்கன இருந்தாலும், யாரு இருந்தாலும் குடுக்கணும் ஆச்சி. நீங்க கையக் காட்டி அடக்குனா, பிள்ள திரும்பவும் கைக்கே போயிரும்" என்றாள்.

மற்றவர்களுக்குத் தறி வேலை. புத்தகம் என் கைக்கு வந்தது. ரேஷன் கடையில்கூடத் தலையை ஆட்டிவிட்டு வருகிறவள் நான். எனக்கு வாய்த்ததைப் பாருங்கள்! கதவைச் சாத்திக்கொண்டு கத்துவேன். பிள்ளை என் வாயையே பார்க்கும். சிரிக்கும். அதோடு சரி.

அப்போதுதான் தம்பி மகளைப் பெண் பார்க்கப் புளியங்குடியில் இருந்து வருவதாகச் சொன்னார்கள். தம்பி காலையிலேயே என்னிடம் வந்தான்.

"யக்கா, பேசாத பிள்ள ஒண்ணு வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சா சம்பந்தம் நிக்காது. இன்னைக்கு ஒரு நாள் உள்ளயே வச்சிக்கிடு. சத்தம் கித்தம் வேண்டாம்."

"பிள்ள படத்தத் தொட்டா?"

"ஒரு நாள்ல என்ன முழுகிப் போகுது?"

பிள்ளையையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அண்டி இருக்கிறவள் என்னத்தைச் சொல்ல?

வந்தவர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். காபி கொடுத்தாயிற்று. தறியை நிறுத்தியிருந்ததால் டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. முறுக்கு வாசனைக்கோ என்னவோ, பிள்ளை என் கையை உதறிவிட்டுப் புத்தகத்தோடு நடுக்கூடத்துக்கு ஓடிவிட்டது. தூக்கிவர நான் பின்னாலேயே போனேன். அதற்குள் உட்கார்ந்து கழுதைப் படத்தில் விரலை வைத்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். தம்பி உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டுகிறான். அவன் மகனும் அப்படியே. நிறுத்து, நிறுத்து என்று இரண்டு கைகள். பிள்ளை அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தது.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. புடவையைச் சரிசெய்துகொண்டு அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அடிவயிற்றில் இருந்து கத்தினேன், நிஜக் கழுதை தோற்றுப்போகும். மாப்பிள்ளைப் பையனுக்குக் காபி புரையேறிவிட்டது.

பிள்ளை குலுங்கிச் சிரித்துவிட்டு ஏட்டைத் திருப்பியது. ஆடு. "மே..." என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவ்வளவு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

பிள்ளையின் உதடு ஒட்டிப் பிரிந்தது. "ம்... மே."

மெல்லிய சத்தம்தான். தறி ஓடியிருந்தால் யாருக்குமே கேட்டிருக்காது. முறுக்குத் தட்டோடு வந்த அதன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "என்ன இது? அப்பம் இந்தப் பிள்ள பேசாதா?"

தம்பி வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன்: "இப்பம்தான் பேசிச்சு. நீங்களும் கேட்டீகள்லா?"

அவர்கள் காபியை முடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை. தம்பி ஒரு வாரம் என் முகம் பார்க்கவில்லை. ஆனாலும் அவன் மகளின் வாழ்க்கை அல்லவா? வந்தவர்கள் கிளம்பியதுமே அவளிடம் போய் நின்றேன். அவள் தலைப்பூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "போனாப் போகுது அத்தை. பிள்ள வாயத் திறந்ததுக்கு மூஞ்சத் தூக்குத வீட்டுல போயி நான் மட்டும் என்னத்தப் பேசிரப் போறேன்?"

அவளுக்கு இன்னும் இடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் வருகிறவர்களிடம் பிள்ளையை ஒளிப்பதில்லை. அது இப்போது அவர்களிடமே போய், "நீங்க யாரு?" என்று கேட்கிறது. தெருவில் என்னைக் கழுதை ஆச்சி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பெண்ணாய்ப் பிறந்தவள் சத்தம் போடாமல் இருந்தால்தான் வீட்டுக்கு மரியாதை என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தேன். ஒரு பிள்ளையின் வாயை அடைத்துக் காப்பாற்றுகிற மரியாதை எனக்கு வேண்டாம்.

வந்தவர்கள் புளியங்குடியா, மேலநீலிதநல்லூரா, மாதம் ஆவணிதானா என்று இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. பயிற்சி விவரத்தையும் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். நான் கத்தியதை மட்டும் குறைத்துப் போட வேண்டாம்.