டிராகனை வளர்த்தவள்

கெல்வா மலையில் ஆண்டுக்கு ஒருநாள் எல்லாச் சூளைகளையும் அணைத்தே தீரவேண்டும். ஓராண்டைத் தாண்டிய நெருப்புக்கு உயிர் வந்துவிடும். சுண்ணாம்பு சுடும் மோர்விக்கு மட்டும் இது தெரியாதா என்ன? குளிர் தாங்காத தன் சின்ன மகளுக்காக ஒரு வருடம் தணலைச் சாம்பலுக்குள் ஒளித்துவைத்தாள். மகள் போய்ச்சேர்ந்த பிறகும் அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. வருடா வருடம் ஊரை ஏமாற்றினாள்.

இன்று காலை சூளை விரிசல் விட்டது. உள்ளே ஏதோ புரண்டது. ஊரே தண்ணீர்க் குடங்களோடு ஓடிவந்தது.

"தள்ளு மோர்வி. உள்ள இருக்கறது நெருப்பில்ல, டிராகன்," என்றார் ஊர்த்தலைவர் தார்க்கன்.

"தெரியும். வளத்தவ நாந்தான்."

"நீ ஒருத்தி அழுததுக்கு ஊரே வேகணுமா?"

"கொடத்தக் கீழ வைங்க. முழிச்சதும் இத்தன பேரப் பாத்தா மெரண்டுடும்."

சூளை பிளந்தது. கன்றுக்குட்டி அளவில், செதிலும் சிறகுமாக அது வெளியே வந்தது. யார் கையிலிருந்தோ குடம் நழுவி உடைந்தது. அந்தச் சத்தத்தில் அரண்டுபோன டிராகன் ஓடிவந்து மோர்வியின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அங்கியில் தீப்பற்றிக்கொண்டது.

தார்க்கன் குடத்தைத் தூக்கினார்.

"ஊத்தாதீங்க," என்றாள் மோர்வி. "அதுக்குக் குளிரும்."