மைக் சார் வாய் மூடிய பருவம்

அந்த விளையாட்டு மன்றத்தில் கால்பந்து சொல்லிக்கொடுப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எல்லோருக்கும் அவர் மைக் சார். மைதானத்தின் ஒரு மூலையில் அவர் "முன்னாடி ஏறு!" என்றால், மறு மூலையில் டென்னிஸ் ஆடுகிறவர்களும் வலையை நோக்கி ஓடிவிடுவார்கள். அப்படியொரு தொண்டை. அதில் அவருக்குப் பெருமையும் கொஞ்சநஞ்சமில்லை.

மன்றத்தின் செயலாளர் அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். மாதம் ஒருமுறை ஒரு பயிற்சியாளர் இன்னொருவர் சொல்லிக்கொடுப்பதைப் போய்ப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும், "உங்ககிட்டருந்து இதை எடுத்துக்கிறேன்" என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அறிவுரை மட்டும் கூடவே கூடாது. பயிற்சியாளர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று வெளியாட்களுக்குப் புரியாது. கண் முன்னால் ஒரு பிள்ளை முழங்காலைத் தப்பாக மடக்குகிறது, பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவதாம்! யாரால் முடியும்?

மைக் சாரால் முடியவில்லை. முதல் தடவை நீச்சல்குளத்துக்குப் போனவர், கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "கையை நீட்டும்மா!" என்று ஒரு கத்துக் கத்தினார். சுவரைத் தொட்டுத் தலைதூக்கிய சிறுமி மிரண்டுபோய்த் தண்ணீரைக் குடித்து இருமினாள். நீச்சல் டீச்சர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார், இது உங்க மைதானம் இல்ல. கிளம்புங்க."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அடுத்த ஆட்டப் பருவம் பாதி ஓடியபோது மைக் சாரின் தொண்டை மக்கர் செய்தது. உள்ளே முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். பருவம் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, அதற்கப்புறமும் கத்துகிற வேலையே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறீங்க" என்று மனைவி கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை. கத்த முடியாத மைக் சாரை எந்த மன்றம் வைத்துக்கொள்ளும்? வேறு எந்த வேலையும் அவர் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. 'வேற ஆளைப் பாத்துக்கோங்க' என்று செயலாளர் அக்காவுக்குக் கைப்பேசியில் அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அக்கா நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வேலையை விடறதெல்லாம் அப்புறம். இந்த மாசம் உங்க முறை. நீச்சல்குளத்துக்கு வாங்க."

மைக் சார் தலையைத் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

"பயப்படாதீங்க, இந்தத் தடவை நீங்களே நினைச்சாலும் கத்த முடியாது" என்று சிரித்தார் அக்கா.

குளத்தோரம் அவர் கூனிக்குறுகி உட்கார்ந்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் மைக் சார் பார்த்தார். அன்றைக்குத்தான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளைக்குக் காது எங்கே கேட்கும்? டீச்சர் எல்லாவற்றையும் கையால் சொன்னார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தலையைத் தாழ்த்து. முழங்கையைத் தட்டினால் கையை உயர்த்து. அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளை தன்னைப் பார்க்கும்வரை அவர் கையை அசைப்பதே இல்லை. காத்திருந்தார். மைக் சார் தன் பிழைப்பில் ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை.

முடிந்ததும் அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பிறகு டீச்சரின் கையைக் காட்டினார். இதைத்தான் எடுத்துக்கொள்கிறார் என்று டீச்சருக்குப் புரிந்தது. முறைப்பாகவே, "நாளைக்கு உங்க பசங்களை உக்கார வைங்க, வரேன்" என்றார்.

சொன்னபடி வந்து சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளே பாதிச் சைகைகளை உண்டாக்கினார்கள். வயிற்றைத் தடவினால், பந்தை நீயே தின்னாதே, அடுத்தவனுக்கும் கொடு! யாராவது வாய்ப்பைக் கோட்டைவிட்டால் மைக் சாரால் திட்ட முடியாது. அதனால் தலையில் கைவைத்துத் தொப்பென்று புல்லில் உட்காருவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி ஓடுவார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அவர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். இடது ஓரத்தில் ஓடுகிற பெண், எத்தனை கத்தினாலும் திரும்பாதவள், திரும்பிப் பார்த்தாள். அவர் கைகாட்டிய இடத்துக்கு ஓடிக் கோலும் போட்டாள். ஆட்டம் சமன்.

"சார், முன்னாடி நீங்க கத்தினா எனக்குக் காலே நகராது. அதான் உங்க பக்கம் பாக்க மாட்டேன்" என்றாள் ஆட்டம் முடிந்து, சாதாரணமாக, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

திமிர் பிடித்தவள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்! பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கே நீச்சல் டீச்சர் இருந்தார். மாதம் மாறியிருந்தது, இப்போது டீச்சரின் முறை. ஆட்டம் முழுக்க வாயே திறக்கவில்லை.

"நான் ஒண்ணு எடுத்துக்கணும் இல்ல?" என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது. "உங்க பசங்க தப்பு பண்ணிட்டு உங்களைப் பாத்துச் சிரிக்கிறாங்க. என் பசங்க தப்பு பண்ணா அழறாங்க சார். அதை மாத்தணும். எனக்குச் சொல்லிக்குடுங்க."

தொண்டையோடு எல்லாம் போயிற்று என்று நினைத்திருந்த மனிதர். கண் கலங்க, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, கும்பிடறதெல்லாம் இருக்கட்டும் சார், எப்படின்னு சொல்லுங்க!"

மைக் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரே கிடந்த மைதானத்தைக் காட்டி, நாளைக்கு வாங்க என்று சைகை செய்தார்.