நாலாவது தடவை

அரசு ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும் மேசை அக்காவுடையது. பக்கத்து மேசை என்னுடையது. ‘தேதி அக்கா’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதினோரு மாதம் ஆகும் என்பதைக்கூடச் சொந்தக்காரருக்குச் சொல்வதுபோலத் தயங்கித் தயங்கித்தான் சொல்வார். நானாக இருந்தால் வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை. வேலை பார்த்த கம்பெனி இருந்தவரை இன்சூரன்ஸ் இருந்தது. கம்பெனியை மூடினார்கள், அதுவும் போயிற்று. புதிதாக எடுக்கப் போனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். அக்காவே தன் கையால் அவர் பெயரையும் வரிசையில் எழுதினார், கடைசியில்.

மாமாவால் இப்போது மிஷின் ஓட்ட முடியாது. வீட்டிலிருந்தபடி பட்டன் வைப்பார், கையாலேயே ஓரம் தைப்பார், எல்லாம் தடவித் தடவித்தான். காலையில் அக்கா பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார். பத்தும் தீர்ந்தால் மாமா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போன திங்கட்கிழமை ஒருவர் போன் செய்தார். இன்சூரன்ஸ் இருந்ததால் தனியாரிலேயே முடித்துக்கொண்டாராம். வியாழக்கிழமை ஓர் இடம் காலி. இப்படிக் காலியானால் உடனே வருகிறேன் என்று சொன்னவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு; அதில் அடுத்த பெயருக்கு மூன்று முறை போன் அடிக்க வேண்டும், எடுக்காவிட்டால் அதற்கடுத்தவருக்கு. அதுதான் விதி. அடுத்த பெயர் யாரோ ஒரு வாட்ச்மேன். அதற்கடுத்தது மாமா.

அக்கா மூன்று முறை அடித்தார். எடுக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மூணு ஆச்சுக்கா. மாமா பேரைப் போடுங்க. யாரும் தப்பு சொல்ல முடியாது.”

“கண்ணு தெரியாதவங்க எந்த பட்டன்னு தடவிப் பாக்கறதுக்குள்ள மணி நின்னுடும். எங்க வீட்லயும் அப்படித்தான்,” என்று நாலாவது தடவை அடித்தார்.

எடுத்துவிட்டார் அந்த மனுஷன்.

“நாலு தடவையும் போன் கையிலதாம்மா இருந்துச்சு. பட்டன்தான் சிக்கல.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வேறு இடம் காலியாகாவிட்டால், மாமாவின் தேதிக்கு இன்னும் ஐந்து மாதம். அக்கா மேல் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு ஃபைலைத் தூக்கிப் போட்டேன்.

அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். மாமாவும் உடனே எடுக்கவில்லை. எடுத்ததும் அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பழைய போனில் மறுமுனைப் பேச்சு என் மேசை வரை கேட்கும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அவரு வீட்ல உன்னை மாதிரி யாராச்சும் இருக்காங்களா?” என்றார்.

“தனியாத்தான் இருக்காராம்.”

“அப்ப அவரே முதல்ல பாக்கட்டும். நீ நாளைக்குப் பன்னெண்டு ஊசியா கோத்து வெச்சுட்டுப் போ.”