திருடனை விடாத முந்திரிக்காடு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் அடுப்பைக் கவனிக்கிற ஆள் நான். இதைக் கேட்டால் நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கந்தர்வக்கோட்டையைத் தாண்டி ரோட்டோரத்தில் முந்திரிப்பருப்பு வறுத்து விற்கிற கடை என்னுடையது. கடைக்குப் பின்னால் முந்திரிக்காடு. பெரிய காடெல்லாம் இல்லை, நேராக நடந்தால் அந்தப் பக்கம் இன்னொரு ரோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசிக்கொண்டே கடந்துபோகிற தூரம்தான்.

போன கோடையில் உச்சி வெயில் நேரம், கடையில் நான் மட்டும்தான். முழுக்கைச் சட்டை, முதுகில் லேப்டாப் பை என்று பேங்க் ஆபீசர் மாதிரி ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து தண்ணீர் கேட்டான். செம்பை நீட்டும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். பூட்டிய வீடுகளில் பட்டப்பகலில் புகுந்து நகை எடுக்கிறவன் என்று காலையில் வாட்ஸ்அப்பில் வந்த அதே முகம், அதே சட்டை! முகத்தையே பார்த்துக்கொண்டு செம்பைச் சாய்த்ததில் பாதித் தண்ணீர் அவன் பேண்டில் கொட்டிவிட்டது.

“பயப்படாதீங்கக்கா, ஒங்கள ஒண்ணும் செய்யமாட்டேன். போலீசு பின்னாலயே வருது. அங்கிட்டு ரோட்டுக்கு எப்படிப் போறது?”

காட்டைக் காட்டினேன். ஓடினான். நான் போனை எடுத்து நம்பரைத் தேடுவதற்குள் போன வழியாகவே திரும்பி வந்து நின்றான்.

“என்னக்கா, தப்பா சொல்லிவிட்டுட்டீங்க?”

“நேராத்தான போகச் சொன்னேன்!”

மறுபடி போனான், மறுபடி என் கடைக்கே வந்தான், முறைத்துவிட்டு இன்னொரு தடவை போனான். மூன்றாவது முறை வந்தபோது சட்டை கிழிந்திருந்தது, ஒரு காலில் ஷூ இல்லை, கண் கலங்கியிருந்தது.

“உள்ள ஒரு அம்மா சுள்ளி பொறுக்குதுக்கா. ‘இங்கிட்டுப் போ சாமி’ன்னு கைகாட்டுது. போனா ஒங்க கடை வருது.”

“அந்தம்மா சொல்றதக் கேக்காதீங்க.”

“கேக்கலயே! எதிர்த்தாப்லதான் ஓடுனேன். அப்பவும் ஒங்க கடைதான் வருது!”

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமெல்லாம் போய் அவன்மேல் பாவமாகிவிட்டது. உட்காரவைத்து ஒரு கை முந்திரிப்பருப்பு கொடுத்தேன். தின்றுகொண்டே, “எந்த ஊருப் பூட்டும் என்னய நிறுத்துனதில்லக்கா. போலீசக் கூப்பிடுங்க” என்றான்.

கூப்பிட்டேன். ஜீப் வந்ததும் அவனே போய் ஏறி, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு, “சீக்கிரம் எடுங்க சார்” என்று அவசரப்படுத்தினான்.

“எப்படிம்மா பிடிச்சீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அவரே வந்துட்டாருங்க சார், மூணு தடவ.”

அவன் சொன்ன அம்மாவைத் தேடி இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் காட்டுக்குள் இறங்கி அந்தப் பக்க ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஈ காக்கா இல்லை என்று திரும்பினார்கள். அவர்கள் நன்றாகத்தான் போய்வந்தார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் போனில், “வெயில்ல அவனுக்குத் தலை சுத்தியிருக்கும்டி” என்று சிரித்தார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கடையைச் சாத்தினேன். அப்போது பின்னால் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பக்கத்து வீட்டில் விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டது.

“போய்ட்டானா ஆத்தா?”

“போய்ட்டான்” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரி, அப்ப நான் வாரேன்.”

திரும்பிப் பார்த்தேன், மரங்கள்தான் நின்றன. எங்கள் பக்கம் கிளம்பும்போதும் வாரேன் என்றுதான் சொல்வோம், நிஜமாகவே வரப்போகும்போதும் அதையேதான் சொல்வோம். அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.