கல் ஏறினால் தண்ணீர் இல்லை

பனி விழுந்த காலையில் விறைத்துப்போன பித்தளைக் குழாயைத் திறந்தால் முதலில் ஓர் இருமல் கேட்கும், அடுத்து நீளமாகக் காற்று வரும், கடைசியில் துரு நாற்றத்தோடு நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்து நின்றுவிடும். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் வளர்ந்த எனக்கு, மழையில்லாத மாதங்கள் என்றாலே இன்றும் அந்தச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

லயத்துக்கு மேலே, தேயிலை மலையின் சரிவில், ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. நாங்கள் அதை "டேங்கி" என்போம். உள்ளே எவ்வளவு தண்ணீர் கிடக்கிறதென்று ஏணி வைத்து ஏறாமலே தெரிந்துகொள்வதற்காக, உள்ளே ஒரு மிதவையைப் போட்டு, அதில் கட்டிய கம்பியை விளிம்பிலிருந்த கப்பி வழியாக வெளியே கொண்டுவந்து, நுனியில் சிவப்புச் சாயம் பூசிய கல்லொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், வெளியே கல் இறங்கும். தண்ணீர் வற்றினால் கல் உச்சிக்குப் போய்விடும். கல் தரையோடு கிடந்தால் கொண்டாட்டம், உச்சியில் நின்றால் திண்டாட்டம்.

அதுவும் ஒழுங்காக நடந்துகொண்டதா என்றால், இல்லை. கப்பி துருப்பிடித்தால் கல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். டேங்கி நிறைந்திருப்பதாக நம்பி வீட்டிலுள்ள அழுக்கையெல்லாம் ஊறவைத்துவிட்டு, அலச ஒரு சொட்டுத் தண்ணீரில்லாமல் நின்றவர்கள் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. "கல்லு பொய் சொல்லிருச்சு" என்று சொல்லித் தலையிலடித்துக்கொள்வார்கள். கல்லின் பேச்சு மனிதர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் பொறுமை தீர்ந்துவிட்டால் அப்பா எங்களைப் பார்த்து மெதுவாக, "கல்லு ஏறிருச்சு, வெளிய போங்க" என்பார். நாங்களும் ஓடிவிடுவோம்.

ஒரு வருடம், மழையில்லாத மாதத்தில் நான் பெரியவளானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்குக்கு நாள் குறித்தார்கள். அந்த வாரமே அப்பா டேங்கியில் ஏறிக் கப்பிக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்து, "இனிமே கல்லு பொய் சொல்லாது" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் செய்த வேலையைப் பற்றி அவரே பேசுவதைக் கேட்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, பரமேஸ்வரிச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சித்தி வட்டவளைக்காரி. அங்கே மழை விட்டால்தானே தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு? மூங்கில் வைத்துவிட்ட பீலியில் வருடம் முழுக்கத் தண்ணீர் கொட்டுமாம். டேங்கியும் கிடையாது, கல்லும் கிடையாது. அம்மாவுக்குச் சித்தியிடம் இன்னும் மனம் ஒட்டவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. "சுடுதண்ணிய எறக்கத் தெரியல, இதுல பேச்சு மட்டும் நல்லா வருது" என்று முணுமுணுப்பாள். சித்தி எதையும் காதில் வாங்காதவள் போல, "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று ஓடிக்கொண்டிருப்பாள். பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

சடங்குக்கு முந்திய பின்னேரம் பனிமூட்டம் இறங்கி, லயத்து வாசலிலிருந்து டேங்கி தெரியவில்லை. பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சித்தியை அனுப்பினாள் அம்மா. சித்தி மூச்சிரைக்க ஏறிப்போய் வந்து, "டேங்கி நெறைய இருக்குங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். பீப்பாய்களில் பிடித்து வைக்கும் யோசனையை அம்மா விட்டுவிட்டாள். வாசலைக் கழுவினார்கள், பெரிய அண்டாக்களைத் தேய்த்தார்கள், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் தாராளமாகப் புழங்கினார்கள்.

விடிந்ததும் குழாய் இருமியது.

காம்பராவின் மூலையில் சேலை மறைப்புக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு வெளியே நடந்ததெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அத்தைமார் வந்துவிட்டார்கள். வட்டவளையிலிருந்து சித்தியின் அம்மாவும் சீர்த்தட்டோடு வந்து நின்றார். அந்த நேரத்தில் அம்மா சித்தியின் கையைப் பிடித்து மறைப்புக்குள் இழுத்துவந்து, "கல்லு எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"உச்சியிலங்கக்கா. நல்லா மேல…"

சொல்லும்போதே சித்திக்குப் புரிந்துவிட்டது. கல் மேலே இருந்தால் தண்ணீரும் மேலே இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம் என்பதால் அவளுக்கு அதைச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே அடுத்த காம்பராச் செல்லம்மாக்காவின் குரல் கேட்டது. "யாரு போய் பாத்ததுன்னு கேளுங்க. புதுப்பொண்ணு கால் வச்ச நேரம், டேங்கியே வத்திப்போச்சு!"

சித்தியின் அம்மா கேட்டுக்கொண்டு நிற்கிறார். இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் போகாது. பிறகு வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கோழி செத்தாலும், அவள் கால் வைத்த நேரத்தைத்தான் சொல்வார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். சித்திக்கு இன்றைக்கு அர்ச்சனைதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவ என்னா செய்வா? நானும்தான் இருட்டுறதுக்கு முன்ன போய் பாத்தேன். கல்லு தரையோட கெடந்துச்சு. கப்பி சிக்கிக்கிச்சு, கல்லு பொய் சொல்லிருச்சு."

முந்திய நாள் அம்மா வாசலைத் தாண்டவேயில்லை என்பது எனக்குத் தெரியும். மறைப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தார். எண்ணெய் போட்டவர் அவர். லயம் முழுக்கச் சொன்னவர் அவர். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். கொஞ்ச நேரத்தில் இறங்கிவந்து, கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தபடி எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "ஆமா, கப்பி சிக்குது. நான் எண்ணெய் போட்ட லெச்சணம் அப்புடி."

கேலியெல்லாம் அப்பா பக்கம் திரும்பிவிட்டது. செல்லம்மாக்காவே முதல் ஆளாகக் குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துப் பீலிக்கு இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடமாவது வந்தது. சூடுகாட்ட நேரமில்லாமல் அந்தப் பச்சைத்தண்ணீரையே என் தலையில் ஊற்றினார்கள். பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாலும் எனக்கு அம்மாவை நினைத்து உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நாளெல்லாம் பொய் சொல்லிப் பழகிய கல் ஒரு நாள் உண்மையைச் சொன்னது. அன்றைக்குத்தான் அதற்குப் பொய்யன் பட்டம் ஊர் கூடிக் கட்டினோம்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கப்பி சிக்குகிறது என்ற பேச்சு தோட்டத்து ஆபீஸ் வரை போய், சில நாள் கழித்துப் பைப் வேலைக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "கப்பி வளைஞ்சே போச்சுங்க, வேற போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. எப்படி வளைந்தது என்று அப்பா பலநாள் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கல் நடுவில் நின்றது நின்றதுதான். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வருடக்கணக்காக ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தோம், தோட்டத்து ஆபீஸைத் திட்டினோம்.

இப்போது அந்த டேங்கி இல்லை. உடைத்த இடத்தில் பன்னச்செடி முளைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வந்துவிட்டது. தண்ணீர் எவ்வளவு என்று விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். "கல்லு ஏறிருச்சு" என்று சொன்னால் என் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் போய்விட்டாள். அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டது சித்திதான்.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது சித்தியிடம் சொன்னேன்: அன்றைக்கு அப்பா சொன்னது பொய், கப்பி நன்றாகத்தான் ஓடியது என்று. சித்தி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"தெரியாமயா இருக்கும்? பைப்காரரு வந்து பாத்தா ஒங்கப்பா சொன்னது பொய்யின்னு ஆயிருமேன்னு, மறுநா நானே ஏறி ஒரு கல்ல வச்சுக் கப்பிய நாலு போடு போட்டேன்."

லயமே வருடக்கணக்காக ஏணி ஏறியதன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "அம்மாவுக்குத் தெரியுமா சித்தி?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்ட போ," என்றாள் சித்தி. "ஏணியப் புடிச்சிக்கிட்டு நின்னதே அக்காதானே."